பெல்ட்டின் ஓலமும் அனுமானப் பிரமாணமும்

ஈரம் படிந்த மார்கழி விடியலில் மோட்டார் காரை ஸ்டார்ட் செய்தவுடன், பானெட்டுக்கு அடியிலிருந்து காதைக் கிழிக்கும் கிறீச்சொலி ஒன்று எழுந்து, வாசலில் கோலமிடுகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டுச் சில விநாடிகளில் தானாகவே அடங்கிப் போவதுண்டு. வண்டியின் சொந்தக்காரரும், எதிர்வீட்டுக்காரரும், பேப்பர் போடுகிற பையனுங்கூட, ‘பெல்ட் லூசு’ என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அத்தீர்ப்பு சரியா தவறா என்பது இருக்கட்டும். அது எவ்வகையைச் சேர்ந்த அறிவு என்பதே ஆராயத்தக்கது. காதுக்குப் பிரத்யக்ஷமானது ஒலி ஒன்றுதான். பெல்ட் தளர்ந்திருப்பதை ஒருவரும் கண்ணால் காணவில்லை. பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. காரியத்தைக் கொண்டு காரணத்தை ஊகிக்கும் இந்த மனோவியாபாரத்தை நியாய சாஸ்திரக்காரர்கள் ‘சேஷவத்’ என்னும் அனுமான வகையில் சேர்த்தார்கள். தமிழிலும் இவ்விசாரம் புதியதன்று. மணிமேகலைக்கு அறவண அடிகள் செய்த உபதேசத்தில் ஹேதுவைப் பற்றிய குற்றங்கள் விரிவாக எண்ணப்படுகின்றன. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பதியையும் பசுவையும் பற்றிப் பேசுமுன் அளவைகளைப் பற்றிப் பேசியே தொடங்குகிறார். எதனால் அறிகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ளாமல் எதை அறிந்தோம் என்று சொல்லப் புகுவது அந்தப் பெரியோர்களுக்குச் சம்மதமாக இருக்கவில்லை.

ஒலி பிறக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இக்காலத்துக் கார்களில், என்ஜினின் ஒரு பக்கத்தில், உட்புறம் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளமிட்ட ஒரே நீண்ட பெல்ட், கிராங்க் புல்லியிலிருந்து புறப்பட்டு, பழைய மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்றே அழைக்கும் ஆல்டர்னேட்டரையும், ஏ.ஸி. கம்ப்ரஸரையும், பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பையும் சுற்றி வளைந்து, அவற்றையெல்லாம் ஒருங்கே சுழற்றுகிறது. அதன் விறைப்பைக் காப்பது டென்ஷனர் என்னும் ஸ்பிரிங் பூட்டிய சக்கரம். அம்பாஸடர் காலத்து ‘பேன் பெல்ட்’டில் இந்த ஏற்பாடு இல்லை, போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவையே நெம்பி விலக்கி, கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்து, போதும் என்று கை சொன்னபோது நிறுத்திக்கொள்வார்கள். எந்த ஏற்பாடானாலும் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையேயுள்ள உறவு உராய்வு ஒன்றே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை, உருளையைச் சுற்றிய கயிற்றின் பிடிமானம், சுற்றிய கோணமும் உராய்வும் கூடக்கூடப் பன்மடங்காகப் பெருகும் என்று கணித்துக் காட்டினார்; ஆனால் அந்தப் பெருக்கம் முழுவதும் தளர்ந்த பக்கத்தில் இருக்கும் விறைப்பை மூலதனமாகக் கொண்டே நடக்கிறது. மூலதனம் குறைந்தால் பிடிமானமும் குறையும். அப்போது பெல்ட் ஒரு கணம் பற்றி, மறுகணம் வழுக்கி, மீண்டும் பற்றி, இவ்வாறு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை செய்யும் போராட்டமே நம் காதில் கிறீச்சொலியாக வந்து விழுகிறது. வயலின் தந்தியின்மேல் வில் நாதத்தை எழுப்புவதும் இதே முறையில்தான் என்பதைச் சங்கீத ரசிகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் ஓலம் அதிகமாவதற்கும் காரணம் உண்டு: ஸ்டார்ட்டர் மோட்டார் பாட்டரியிலிருந்து உறிஞ்சிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் அப்போதுதான் அவசரமாகத் திருப்பிச் செலுத்துகிறது, சுமை உச்சத்தில் இருக்கிறது, பெல்ட்டின்மேல் இரவின் ஈரமும் இருக்கிறது.

இனி பூர்வபக்ஷத்துக்கு வருவோம். அனுமானம் ஒரு பிரமாணமே அன்று என்று ஆக்ஷேபிக்கிறவன் ஒருவனை நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் நம் முன் நிறுத்துகிறது. ஆறு பெருகியதைக் கண்டு மேற்கே மழை பெய்தது என்கிறாய். கீழே எங்கோ அணைபோட்டுத் தடுத்தாலும் நீர் உயருமே? எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்டு மழை வரும் என்கிறாய். யாராவது புற்றைக் கலைத்திருந்தாலும் அவை ஓடுமே? அகவல் ஒலியைக் கேட்டு மயில் இருக்கிறது என்கிறாய்; மனிதன் ஒருவன் மயிலைப்போல் கத்திக் காட்டலாமே? ஆகவே அடையாளம் வழி தவறுகிறது. வழி தவறும் அடையாளத்தை நம்பிப் பெறுவது அறிவாகாது என்பது அவன் வாதம். கார் விஷயத்தில் இதே வாதத்தை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம்! கிறீச்சொலி தளர்ந்த பெல்ட்டினாலும் வரும், கோணலாக நிற்கும் புல்லியினாலும் வரும், கிரீஸ் வற்றிய பேரிங்கினாலும் வரும், வாட்டர் பம்ப்பிலிருந்து சொட்டிய கூலன்ட் பட்ட ரப்பரினாலும் வரும்.

இதற்குச் சூத்திரகாரர் கௌதமர் தரும் சமாதானத்தையும், அதை விரித்துரைக்கும் வாத்ஸ்யாயனரின் பாஷ்யத்தையும் படிக்கும்போதெல்லாம் அவற்றின் நிதானம் என்னை வியக்க வைக்கிறது. விதி பலமானது, சந்தேகிக்காதே என்று அவர்கள் அதட்டவில்லை. நீ கண்டது அந்த அடையாளமே அன்று என்கிறார்கள். மழையால் பெருகிய ஆறு வெறுமனே உயர்ந்த ஆறு அன்று. அதில் வேகம் உண்டு, நுரை உண்டு, இலையும் கனியும் கட்டையும் மிதந்து வருவது உண்டு. பயந்தோடும் நாலைந்து எறும்புகளும், கூட்டம் கூட்டமாகப் பல இடங்களிலிருந்து கிளம்பும் எறும்புகளும் ஒன்றல்ல. மயிலின் குரலுக்கும் அதைப் போலிசெய்யும் மனிதக் குரலுக்கும் பேதம் தெரியாதவன் ஏமாறுவான். பாம்பு முதலியவை ஏமாறுவதில்லை! குற்றம் அனுமானித்தவனுடையது, அனுமானத்தினுடையதன்று என்று பாஷ்யகாரர் முடித்துவிடுகிறார். பாம்புக்கு அந்த நுண்ணறிவு உயிர்ப்பயத்தால் வாய்த்திருக்கும். மெக்கானிக்குக்கு வயிற்றுப்பிழைப்பால் வாய்க்கிறது.

‘சத்தம்’ என்று நாம் ஒரு சொல்லில் அடக்கிவிடுவதை அவர் இரண்டாகவும் மூன்றாகவும் பகுத்துக் கேட்கிறார். சுமை ஏறும்போது நீளமாக இழுத்து அலறுவது ஒன்று, ஹெட்லைட்டையும் ஏ.ஸி.யையும் போட்டால் அது கூடும். அது பெரும்பாலும் விறைப்புக் குறைந்ததன் விளைவு. குருவி கத்துவதுபோல் விட்டு விட்டுத் தாளத்தோடு ஒலிப்பது மற்றொன்று. அது பெரும்பாலும் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டிலிருந்து விலகி நிற்பதன் விளைவு. இவ்வளவிலும் திருப்தியுறாமல், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளிக்கிறார். ஓலம் அதிகமானால் வழுக்கல். ஆகவே விறைப்பைப் பார்க்கவேண்டும். சற்று அடங்கி ஈரம் உலர்ந்ததும் திரும்பினால் கோணல். ஆகவே புல்லிகளின் வரிசையைப் பார்க்கவேண்டும். எந்த மாறுதலும் இல்லாவிட்டால் சந்தேகம் பேரிங்குகளின் பக்கம் திரும்புகிறது. பிறகு என்ஜினை நிறுத்தி, பெல்ட்டையே கழற்றிவிட்டு, ஒரு சில விநாடிகள் மட்டும் ஓடவிடுகிறார். வாட்டர் பம்ப் சுற்றாதாகையால் அதிக நேரம் ஓட்டலாகாது. ஒலி இருந்தால், பெல்ட்டும் அது சுழற்றும் உறுப்புகளும் நிரபராதிகள். இல்லையானால், ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி, எது கரகரக்கிறது, எது ஆடுகிறது என்று பார்க்கிறார். ஒன்று உள்ளபோது மற்றொன்று உளதாதலையும், அது இல்லாதபோது இது இல்லாதாதலையும் அன்வயம், வியதிரேகம் என்று பிரித்து, இரண்டும் கூடினால்தான் வியாப்தி என்னும் நீங்காத் தொடர்பு உறுதிப்படும் என்று சாஸ்திரம் சொன்னதை, கையில் கிரீஸோடு நடத்திக்காட்டுவது இதுதான். (ஓடும் பெல்ட்டின் அருகே தோளில் துண்டோடு குனிந்து வேடிக்கை பார்க்கும் நண்பர்களை அப்பால் போகச் சொல்வதும் இச்சோதனையின் ஓர் அங்கம்.)

நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டரின் சுழலாத உடற்பகுதியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் வழக்கமும் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. 1816-இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் லேன்னெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. லேன்னெக்கின் பெருமை குழலைக் கண்டதில் மட்டும் இல்லை. உயிரோடிருந்தபோது கேட்ட ஒலியை, இறந்தபின் உடலைத் திறந்து கண்ட விகாரத்தோடு பொறுமையாக ஒப்பிட்டு வந்ததில் இருக்கிறது. கழற்றிய பேரிங்கைக் குப்பையில் எறியுமுன் உள்ளங்கையில் வைத்துச் சுற்றிப் பார்க்கும் மெக்கானிக்கும் அந்த ஒப்பீட்டையே செய்கிறார்.

ஆயினும் நெடுநாள் பொய்க்காதிருந்த வியாப்தியும் ஒரு நாள் பொய்த்துவிடுவதுண்டு. பழைய பெல்ட்டுகள் நியோப்ரீன் ரப்பரால் ஆனவை. முதுமை வந்தால் அவற்றின் வரிகளில் குறுக்கே வெடிப்புகள் தோன்றும். ‘வெடித்திருந்தால் மாற்று, வெடிக்காவிட்டால் விட்டுவிடு’ என்பது ஒரு தலைமுறைக்கு வேதவாக்காக இருந்தது. பின்னர் ஈ.பி.டி.எம். என்னும் வேறொரு ரப்பர் வந்தது. அது எளிதில் வெடிப்பதில்லை. டயரைப்போல் மெள்ள மெள்ளத் தேய்கிறது. பள்ளங்கள் ஆழ்ந்து அகன்று, பெல்ட் புல்லிக்குள் இறங்கி, பிடிமானம் போகிறது. மேலே பார்த்தாலோ மாசு மறுவற்ற கருமை! கண்ணை நம்பியவர் ஏமாந்தார். பள்ளத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தவர் தப்பினார். இந்த ஏமாற்றத்துக்கு உதயனர் முதலிய நையாயிகர்கள் நன்கு ஆராய்ந்த ‘உபாதி’யே விளக்கம். நெருப்புள்ள இடத்தில் எல்லாம் புகை உண்டு என்று ஒருவன் சொன்னால் அது தவறு. ஈர விறகு சேர்ந்த இடத்தில்தான் புகை உண்டு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அவ்வாறே முதுமைக்கும் வெடிப்புக்கும் இருந்த சம்பந்தம் இயற்கையானது அன்று. நியோப்ரீன் என்ற உபாதி நடுவே மறைந்து நின்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் பெல்ட்டும் நியோப்ரீனாக இருந்தவரையில் அந்த உபாதியை யாராலும் கண்டிருக்க முடியாது என்பதே இதில் அஞ்சத்தக்க அம்சம். நாம் இன்று சந்தேகமற நம்பும் எத்தனை விதிகளின் அடியில் இப்படிப் பெயரில்லாத உபாதிகள் படுத்திருக்கின்றனவோ!

மற்றொரு பிழை, ஓலமிடுகிறவனையே குற்றவாளியாக்குவது. ஒலி பெல்ட்டில் பிறப்பதால் பெல்ட்டை மாற்றுகிறார்கள். புது ரப்பரின் பற்றுதலால் சில காலம் நிசப்தம் நிலவுகிறது. டென்ஷனரின் ஸ்பிரிங் சோர்ந்தபடியே இருக்கிறது. பிறகு புதுப் பெல்ட்டும் பழையதன் பாஷையையே பேசத் தொடங்குகிறது. இன்னும் சிலர் ‘பெல்ட் டிரெஸ்ஸிங்’ என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பீய்ச்சி வாயை அடைத்துவிடுகிறார்கள். அது தூசியை ஈர்த்துச் சேர்த்துக்கொண்டு நிலைமையை மோசமாக்குகிறது. ஒலி எழும் இடம் வேறு, ஒலியின் காரணம் வேறு என்ற பேதத்தை மறப்பது, குடும்பத்திலும் ஆபீஸிலும் நாம் அன்றாடம் செய்துவரும் காரியம்தான். அதைப் பற்றி நான் இங்கே பிரசங்கம் செய்யப் போவதில்லை.

காரணத்துக்குக் காரணம் தேடிப் போனால் எங்கே நிற்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஓலத்துக்குக் காரணம் வழுக்கல், வழுக்கலுக்குத் தளர்ச்சி, தளர்ச்சிக்கு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் சோர்வுக்கு ஓயாத வெப்பமும் அதிர்வும். இது அனவஸ்தை என்னும் தோஷத்தில் போய் முடியும். இவ்விடத்தில் உதயனர் நியாயகுஸுமாஞ்ஜலியில் சொல்வது நினைவுக்கு வருகிறது: சந்தேகத்துக்கு எல்லை உண்டு, அது நம் செய்கையோடு முரண்படும் இடத்தில் நின்றுவிடும். புகை வேண்டி நெருப்பை மூட்டுகிறவன், நெருப்பினால் புகை வருமா என்று உண்மையில் சந்தேகிப்பதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்த ஸ்ரீஹர்ஷரோ தம்முடைய கண்டனகண்டகாத்யத்தில் உதயனரின் அந்தச் சுலோகத்தையே எடுத்து, சொற்களைச் சிறிது மாற்றி அவர்மேலேயே திருப்பிவிட்டார்: முரண்பாடு இருக்கிறதென்றால் சந்தேகமும் இருக்கத்தான் செய்கிறது, சந்தேகத்தோடே மனிதன் காரியம் செய்வதில் வியப்பென்ன? பிறகு மிதிலையில் தோன்றிய கங்கேசர், ஸ்ரீஹர்ஷருக்கு விடை சொல்வதைத் தம் கடமைகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டார்.

டென்ஷனரை மாற்றி, ஒலி அடங்கியதைக் காட்டி, கூலியை வாங்கிக்கொண்ட பிறகு, நல்ல மெக்கானிக் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்வார்: ‘என்ஜின் நல்லா ஆறினதுக்கப்புறம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார், அப்பவும் வரலைன்னாத்தான் கணக்கு.’ கூலி வாங்கியவரையில் அவர் உதயனரின் பக்ஷம். இந்த வாக்கியத்தில் அவர் ஸ்ரீஹர்ஷருக்கு இடம் கொடுத்துவிட்டார் என்று நான் ஒருமுறை சாஸ்திரம் கற்ற நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் அதை ஒப்பவில்லை. ஆறிய என்ஜினில் நிகழும் சோதனையும் வியதிரேகத்தின் ஒரு பகுதிதான், ஆகவே மெக்கானிக் முழு நையாயிகரே என்றார். எனக்கு இன்னும் அது சம்மதமாகவில்லை.