இறுதிக் காட்சியும் மனநிறைவும்

தொலைக்காட்சித் தொடரின் இறுதி நாளை ஆவலுடன் எதிர்நோக்கும் நாம், உண்மையில் எதனை எதிர்நோக்குகிறோம்?

அமெரிக்காவில் 1999 முதல் 86 பகுதிகளாக வந்த 'தி சோப்ரானோஸ்' தொடர் 2007 ஜூன் 10 அன்று நிறைவுற்றது. குற்றக் கும்பலின் தலைவனான டோனி, மனைவியோடும் மகனோடும் உணவு விடுதியில் அமர்ந்திருக்கிறான். மகளும் வந்து சேரும் நேரம். கதவு திறக்க, நிமிர்ந்து நோக்குகிறான். அக்கணமே திரை இருண்டுவிடுகிறது. இணைப்பு அறுந்ததோ என மயங்கினோர் பலர். ஏமாற்றப்பட்டோம் எனச் சினந்தோர் பலர்.

இத்தனை ஆண்டுகள் காத்திருந்தவருக்கு முடிவைக் கேட்கும் உரிமை உண்டு என்பர். உண்மையே. ஆயினும் அவன் வீழ்வதைக் கண்டிருந்தால்தான் மனம் நிறைந்திருக்குமா? தீயவன் தண்டனை பெறவேண்டும் என்பது நீதி வேட்கை. அவன் மடிவதைக் கண்ணாரக் காணவேண்டும் என்பதோ, நீதியின் பெயரால் நம்முள் ஒளிந்திருக்கும் வன்மம். அவனுடைய குற்றங்களை எட்டாண்டுகளுக்கு மேலாகச் சுவைத்துக் கண்டவர்களே இறுதியில் நீதிபதிகளாக அமர்ந்தனர்!

அன்பர்களே, அடுத்த தொடரின் முடிவு நமக்கு நிறைவளிக்காவிடில், எழுதியவரைக் குறைகூறுமுன், நாம் விரும்பிய முடிவு யாது, அதனை ஏன் விரும்பினோம் என்று நம் நெஞ்சையே வினவுவோமாக.