அப்பாவின் மாத்திரைப் பை

அப்பாவின் மாத்திரைப் பை என்பது தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் கொடுத்த கட்டைப்பை. அதற்குள் ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பா ஒன்று. டப்பாவுக்குள் ரப்பர் பேண்ட் போட்ட பத்துப் பன்னிரண்டு மாத்திரை அட்டைகள். அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து பதினோரு வருஷம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளை லெவோடோபா. 10 மணி மாத்திரை 10.40 ஆனால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலில் வலது கை நடுக்கம் கூடும், அப்புறம் குரல் தேயும், அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாது. உடம்பு அப்படியே உறைந்துவிடும்.

போன வருஷம் அவருக்கு நிமோனியா வந்து மயிலாப்பூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அட்மிஷன் முடிந்து அறைக்குப் போனதும் சிஸ்டர் பையைப் பார்த்தார். "சார், வெளி மருந்து எதுவும் வச்சுக்கக் கூடாது. எல்லாம் நாங்களே தருவோம். வீட்டுக்குக் குடுத்து அனுப்பிடுங்க." பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. நான் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்தேன். அதைப் பார்த்து மாத்திரைப் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். மணிக்கணக்கை நான் வாயால் சொன்னேன். எழுதினார்களா என்று கவனிக்கவில்லை. பையைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பினேன். ஒரே ஒரு அட்டையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் 10 மணி மாத்திரை வரவில்லை. வார்டில் மருந்து தரும் நேரம் காலை, மதியம், இரவு. கீழே ஃபார்மஸியிலிருந்து ஸ்டாக் வரணும் என்றார்கள். 11 மணிக்கு அப்பாவால் தண்ணீர் விழுங்க முடியவில்லை. 11.15க்கு நான் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் இருந்த மாத்திரையைக் கொடுத்தேன். அவர் மெல்ல மெல்ல இளகிக்கொண்டிருந்தபோது, 11.50க்கு சிஸ்டர் வந்து மருத்துவமனை மாத்திரையை நீட்டினார். அது வேறு கம்பெனி, வேறு நிறம், அதே மருந்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அதையும் விழுங்கினார்.

மதியம் அவர் கைகால்கள் தானாக நெளிய ஆரம்பித்தன. ரத்த அழுத்தமும் இறங்கியது. சாயங்காலம் நரம்பியல் டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "எக்ஸ்ட்ராவா ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

வழக்கமான அளவே இவருக்கு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து அவர் டோஸைக் குறைத்து எழுதிவிட்டுப் போனார். என் பொய்யை அடிப்படையாக வைத்து ஒரு மருத்துவ முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

இரண்டையும் நான் பல தடவை தனித்தனியாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். மாத்திரை கொடுத்தது ஒன்று, பொய் சொன்னது வேறொன்று. முதலாவதற்கு என்னால் ஓரளவு வாதாட முடியும். இரண்டாவதற்கு முடியாது. ஆனால் முதலாவதை மறைவாகச் செய்ய வேண்டியிருந்ததால்தான் இரண்டாவது வந்தது. கேள்வியும் அங்கேயே இருக்கிறது. ஒரு மனிதர் பதினோரு வருஷமாகத் தன் உடம்பைப் பற்றிச் சேர்த்து வைத்த அறிவை வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே வா என்று ஒரு நிறுவனம் சொல்லலாமா? சொல்லலாம் என்றால், பதிலுக்கு அது என்ன தர வேண்டும்?

விதியின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நம் வீட்டு மாத்திரை டப்பாக்களைத் திறந்து பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள், காலாவதித் தேதி இருக்கும் பக்கம் கடைக்காரரிடமே நின்றுவிடும். பக்கத்து வீட்டு மாமி கொடுத்த தூக்க மாத்திரையும் அதில் கிடக்கும். ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் இருக்கும், இரண்டும் வேறுவேறு என்று நினைத்து இரண்டையும் சாப்பிடுவோம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் நிறுத்த வேண்டிய ரத்த மெலிவூட்டியை யாருக்கும் தெரியாமல் தொடர்ந்தால் ரத்தப்போக்கு நிற்காது. சில ஸ்கேன்களுக்கு முன்பின்னாக மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துகளால் வரும் தீங்கைக் குறைக்க ஓர் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியபோது, ஆபத்து மிகுந்ததாகக் குறிப்பிட்ட மூன்று இடங்களில் ஒன்று, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் தருணம். வீட்டிலிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து வீட்டுக்கு. அப்பாவுக்கு நடந்ததே சாட்சி. என் சட்டைப் பையில் இருந்த அட்டைதான் அன்று அவருக்கு இரட்டை டோஸ் ஆனது.

ஆனால் அதே வாக்கியத்துக்கு இன்னொரு காரணமும் இருக்க முடியும், நம் எல்லோருக்கும் அது தெரியும். வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது என்றால் உள்ளே வாங்க வேண்டும் என்று பொருள். மருத்துவமனைகள் தங்கள் ஃபார்மஸியிலேயே மருந்து வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகின்றன என்ற பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச் 4 அன்று நீதிமன்றம், தான் நேரடியாகக் கட்டாய உத்தரவு எதுவும் போடாமல், மாநில அரசுகளே இதை ஆராய்ந்து கொள்கை முடிவு எடுக்கட்டும் என்று விட்டுவிட்டது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான், பிப்ரவரி 24 அன்று, தமிழ்நாட்டில் குறைந்த விலைக்கு மருந்து விற்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. ஒருவர் அங்கே மலிவாக வாங்கிய ஒரு மாத மருந்தோடு மருத்துவமனைக்குப் போகிறார், வாசலில் அது வெறும் 'வெளி மருந்து' ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக்காகவா, விற்பனைக்காகவா? அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு ஓர் எளிய சோதனை தோன்றுகிறது. பாதுகாப்பை நினைக்கிற விதி முதலில் பையைத் திறந்து பார்க்கும். என்னென்ன இருக்கிறது, எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எதைத் தொடரலாம், எதை நிறுத்தணும், ஏன் என்று கேட்டு எழுதும். விற்பனையை நினைக்கிற விதிக்குப் பையை மூடி வீட்டுக்கு அனுப்பினால் போதும். இரண்டுமே "வெளி மருந்து கூடாது" என்றுதான் பேசும். அப்பாவின் பையை யாரும் திறக்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. அந்த மருத்துவமனை லாபத்துக்காகச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. வேலை நெருக்கடியாகவும் இருக்கலாம், பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் திறக்காதவரை எனக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை, நம்பவும் வழியில்லை.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 2001-இல் அரசுத் தணிக்கை ஆணையம் மருத்துவமனை மருந்து மேலாண்மை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நோயாளி கொண்டுவரும் மருந்தைச் சரிபார்த்து, நன்றாக இருந்தால் அதையே வார்டில் பயன்படுத்தலாம், முடிந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளவும் விடலாம் என்றது. அங்கே பல மருத்துவமனைகளில் கட்டில் பக்கத்தில் பூட்டு போட்ட சின்ன அலமாரியில் அந்த மருந்து இருக்கும். 2006-இல் அதே நாட்டின் பார்க்கின்சன் அமைப்பு, வார்டில் இருக்கும் நோயாளிக்கு மாத்திரை அவருடைய நேரத்துக்கு வர வேண்டும், வார்டின் நேரத்துக்கு அல்ல என்று தனியாகப் பிரச்சாரமே நடத்தியது. அப்பாவுக்கு நடந்தது எங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று அதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

நம் ஊரிலும் இதற்கான ஏற்பாடுகள் காகிதத்தில் இருக்கின்றன. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியத்தின் தர விதிகளில் மருந்து மேலாண்மைக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. வார்டில் உட்கார்ந்து மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பதற்கான பயிற்சியோடு ஃபார்ம்.டி. படிப்பு 2008-இலேயே வந்துவிட்டது. படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வார்டிலும் அவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து கொடுப்பவர். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடப் பகுதியாகத்தான் படித்தேன். இப்போது கண்ணில் படுவது, நோயுற்றவர் அதில் வைத்தியத்தை வாங்கிக்கொள்ளும் ஆளாக வெளியே நிற்கவில்லை, மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே எண்ணப்படுகிறார் என்பது. அந்தப் பகுதியின் வேலை என்ன? உள்ளதைச் சொல்வது. தான் எதைச் சாப்பிடுகிறேன், எதைச் சாப்பிடாமல் ஏமாற்றுகிறேன், எந்த லேகியத்தை யார் சொல்லி எடுக்கிறேன் என்று சொல்வது. நாம் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறோமா? சித்த மருந்தை டாக்டரிடம் மறைக்காத வீடு எத்தனை? "சொன்னா திட்டுவார்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். என் காரணமும் அதுதான். திட்டுக்குப் பயந்து சொன்ன பொய்யின் விலையை நான் கொடுக்கவில்லை, அப்பா கொடுத்தார்.

அன்று ராத்திரி 10 மணிக்குக் குறைத்த டோஸ் வந்தது. விடிகாலை 4 மணிக்கு அப்பாவால் புரண்டு படுக்க முடியவில்லை. எழுந்து போய் நைட் டியூட்டி சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்து நாலு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதை நேத்தே சொல்லியிருந்தா நான் சார்ட்ல எழுதியிருப்பேன்ல?" என்றார். திட்டவில்லை. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். டோஸ் பழையபடி ஆனது. சார்ட்டின் மேல் சிவப்பு மையில் 6 – 10 – 2 – 6 – 10 என்று எழுதினார். "அந்த அட்டையை என்கிட்ட குடுங்க. ஸ்டாக் வரலேன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு இதுலேர்ந்து தரேன்" என்றார். கொடுத்தேன். அந்த மருத்துவமனையில் நான் மனசாரக் கொடுத்த ஒரே பொருள் அதுதான். முதல் நாள் கேட்டதும் அதையேதான், ஆனால் அன்று வாங்கியவர் அதற்கான பொறுப்பை வாங்கிக்கொள்ளவில்லை. இவர் வாங்கிக்கொண்டார். மிச்சம் இருந்த நாட்களில் ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். கவுன்ட்டரில் ஒரு தாளும் ஒரு மருந்துக் கவரும் தந்தார்கள். புதிய மாத்திரை மூன்று, பழையது எட்டு, அதில் ஒன்று அரையாக உடைத்து, ஒன்று வெறும் வயிற்றில், ஒன்று ஐந்து நாளைக்கு மட்டும். இரண்டு நிமிஷம் விளக்கிவிட்டு, "இனிமே நீங்கதான் கரெக்டா பாத்துக்கணும் சார்" என்றார்கள். ஆறு நாளைக்கு முன்னால் ஒரு மாத்திரையை வைத்துக்கொள்ளத் தகுதியில்லாதவராக இருந்த அப்பா, இப்போது பதினொன்றைப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவர். இடையில் அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய அறிவை மதித்து வேலையில் சேர்த்திருந்தால் அந்த ஆறு நாளும் பாடமாக இருந்திருக்கும்.

இப்போது கட்டைப்பையின் முன்பக்கம் ஒரு பட்டியல் பின் செய்திருக்கிறேன். பெயர், அளவு, மணி, எதற்காக, தாமதமானால் என்ன ஆகும். கடைசி வரியில் அப்பா தன் நடுங்கும் கையெழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறார்: 'ராத்திரி கொஞ்சம் திரிபலா.' பதினோரு வருஷத்தில் எனக்கும் தெரியாத விஷயம் அது.