காலி வண்டி

ஷூய்ச்சி ஷிகெனோவின் 'இனிஷியல் டி' 1995 முதல் 2013 வரை ஜப்பானிய வாரப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த சித்திரக்கதை. 1998இல் அது தொலைக்காட்சிக்கான அசைவுப்படத் தொடராயிற்று. அதில் வரும் தாகுமி ஃபுஜிவாரா என்ற பையனைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொம்மைப் படத்துக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஒருவனுடைய தேர்ச்சி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைச் சமீபத்தில் படித்த எந்த நாவலும் எனக்கு இவ்வளவு கூர்மையாக முன்வைக்கவில்லை.

குன்மா மாநிலத்தில் அகினா என்றொரு மலை. (நிஜத்தில் அது ஹருனா மலை, கதைக்காகப் பெயர் மாறியிருக்கிறது.) அடிவாரத்தில் தாகுமியின் அப்பா பூன்தா டோஃபு கடை வைத்திருக்கிறார். டோஃபு என்பது சோயாப் பாலைத் திரித்துச் செய்கிற, விரல் பட்டாலே உடைகிற மெத்தென்ற கட்டி. மலைமேல் ஏரிக்கரையில் இருக்கும் ஹோட்டலுக்கு விடியுமுன் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வேலை தாகுமியின் பதின்மூன்றாவது வயதிலேயே அவன் தலையில் விழுகிறது. ஜப்பானில் ஓட்டுநர் உரிமம் பெற வயது 18. அப்பா ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றி வண்டியில் வைத்துவிடுகிறார். தண்ணீர் சிந்தக் கூடாது. சிந்தாவிட்டால் டோஃபுவும் உடையாது. பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான். ஏன், எதற்கு என்று அப்பாவும் சொல்வதில்லை, பையனும் கேட்பதில்லை.

ஐந்து வருஷம் கழித்து, இரவு நேரங்களில் மலைப்பாதையில் பந்தயம் விடுகிற இளைஞர்கள் இவனைக் கண்டுபிடிக்கிறார்கள். தாகாஹாஷி கெய்சுகேயின் மஞ்சள் மாஸ்டா ஆர்.எக்ஸ்-7, இவனுடைய பழைய டொயோட்டா 86ஐப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வலு உள்ளது. வளைவின் உள்ளோரத்து வடிகாலில் சக்கரத்தை இறக்கி, இவன் அதைத் தாண்டிப் போய்விடுகிறான். பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டதற்குக் காரணம் பெருமை அல்ல. ஒரு பெண்ணைக் கடற்கரைக்கு அழைத்துப் போக ஒருநாள் வண்டி வேண்டும். ஜெயித்தால் பெட்ரோல் தொட்டியை நிரப்பித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். எப்படி ஓட்டினாய் என்று கேட்டால் விழிக்கிறான். எல்லோருக்கும் இப்படித்தானே வரும் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குக் கீதை ஞாபகம் வரும். பலனை எதிர்பாராத கர்மம் என்று ஒரு பத்தி எழுதிவிடலாம். மேற்கத்தியர் என்றால் ஜென் என்பார்கள். ஜப்பானியன் ஒருவன் தண்ணீர்க் கோப்பையைத் தொட்டால்கூட அவர்களுக்கு ஜென்தான். இரண்டுமே சோம்பேறித்தனம். பலனைத் துறக்க வேண்டுமானால் முதலில் அதன்மேல் ஆசை இருக்க வேண்டும். இந்தப் பையனுக்கு இருந்தது தூக்கக் கலக்கம்.

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் இரண்டாம் பகுதியில் கலைக்கும் நற்குணத்துக்கும் இடையே ஒரு வித்தியாசம் சொல்கிறார். கலையில் செய்த பொருள் நன்றாக அமைந்தால் போதும். நற்செயலுக்கு அது போதாது: செய்பவன் அறிந்து செய்ய வேண்டும், அதற்காகவே அதைத் தேர்ந்து செய்ய வேண்டும், நிலைத்த சுபாவத்திலிருந்து செய்ய வேண்டும். தாகுமியிடம் முதல் இரண்டும் இல்லை, மூன்றாவது மட்டும் இருக்கிறது. அவன் தேர்ந்தெடுக்காமலேயே ஒரு சுபாவம் அவனுக்குள் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. மலை ஏறும்போதுதான் வண்டியில் டோஃபு இருக்கிறது. அதனால் ஏற்றத்தில் குலுங்காமல் போகிறான். இறங்கும்போது வண்டி காலி. சீக்கிரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அவன் ஜெயிப்பதெல்லாம் இறக்கத்தில்தான். அப்படியானால் ஊர் வியக்கிற அந்த வேகம் என்ன? உடையக்கூடிய ஒரு பண்டத்துக்காகப் பழகிய அக்கறை, பண்டம் இறங்கிப் போன பிறகும் கைகளில் தங்கியிருப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. மற்றவர்கள் எதிராளியைப் பார்த்து ஓட்டக் கற்றவர்கள். இவன் வேறொன்றின் பொருட்டுக் கற்றவன். இப்போது அந்த வேறொன்று வண்டியில் இல்லை.

பன்னிரண்டு வருஷமாக வங்கியில் நோட்டு எண்ணுகிறேன். வீட்டில் பழைய செய்தித்தாள் கட்டை எடுத்தாலும் விரல்கள் தாமாகவே அதைப் பிரித்து எண்ண ஆரம்பித்துவிடுகின்றன. அதில் யாருடைய பணத்தின் மீதும் அக்கறை இல்லை; அக்கறையின் உருவம் மட்டும் மிச்சம். அதைத் திறமை என்று யாரும் மெச்சுவதில்லை என்பது என் அதிர்ஷ்டம். தாகுமியை மெச்சுகிறார்கள். அவனுக்கு நேரும் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பொருளிழந்த அக்கறைக்கு வெற்றி என்ற புதுப் பொருள் கொடுக்கப்படுகிறது.

ஷிங்கோ ஷோஜி என்ற ஹோண்டா சிவிக்காரனோடு நடக்கும் பந்தயம் முக்கியமானது. இருவரும் வலது கையை ஸ்டியரிங்கோடு ஒட்டுநாடாவால் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பழகிய கை பழகியபடி சுழல முடியாது. ஐந்து வருஷத்தில் முதல்முறையாகத் தன் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று தாகுமி கவனிக்க வேண்டியதாகிறது. ஸ்டியரிங்கை அதிகம் திருப்பாமல் எடையை மாற்றியே வண்டியை வளைக்கலாம் என்று வழியிலேயே கண்டுகொள்கிறான். அதுவரை கையில் மட்டும் இருந்த ஒன்று பிரக்ஞைக்குள் வருகிறது. அவனுடைய முதல் சொந்தத் திறமை இதுவே என்பேன். அதே சமயம் இதற்குப் பிறகு 'எனக்குத் தெரியாது' என்று அவனால் சொல்லிக்கொள்ளவும் முடியாது. வேகமாகப் போகிறவன் இனி அவனேதான்.

அப்பாவைப் பற்றிக் கதை மிகவும் தாராளமாக நடந்துகொள்கிறது. சிகரெட்டும் அரைக்கண்ணுமாக அவர் ஒரு ஞானியைப்போல வரையப்பட்டிருக்கிறார். பதின்மூன்று வயதுப் பையனைப் பொதுச்சாலையில் இருட்டில் ஏற்றிவிட்டது ஹாஸ்யமாகவே போய்விடுகிறது. எதிரே ஒரு பால்வண்டி வந்திருந்தால் என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. கோப்பை டோஃபுவைக் காத்தது, பையனைக் காத்ததா? பிள்ளையைக் கேட்காமல் பிள்ளைக்குள் ஒன்றை வளர்ப்பதைப் பெற்றோர் எல்லோருமே செய்கிறோம், மொழி உட்பட. ஆனால் மொழியில் யாரும் பள்ளத்தாக்கில் விழுவதில்லை. இந்த இடத்தில் ஷிகெனோ நழுவிவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு வரும் நீண்ட பகுதிகளில் - 'ப்ராஜெக்ட் டி' என்ற குழுவில் சேர்ந்து மலை மலையாகப் போய் ஜெயிப்பது - எனக்கு அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை. அவன் விரும்பியே ஓட்டுகிறான். நல்ல பந்தயக்காரன், அவ்வளவே. கடைசிப் பந்தயத்தில்தான் ஆசிரியர் தான் தொடங்கிய இடத்தை நினைத்துக்கொள்கிறார். எதிராளியாக வரும் ஷின்ஜி இனுய், அம்மாவை உட்காரவைத்து வண்டி ஓட்டியே பழகிய பள்ளி மாணவன். அவனுடையதும் ஓர் 86தான். அவனுக்கும் பந்தயம் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. பழைய தன்னையே தாகுமி துரத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பந்தயத்தில் அவன் வண்டியின் எஞ்சின் வெடித்துவிடுகிறது.

இதற்கு வெகுமுன்பே பூன்தா வேறொரு வண்டி, ஒரு சுபாரு, வாங்கிவிட்டிருந்தார். டோஃபு அதில் மலை ஏறத் தொடங்கியிருந்தது. 86இன் கதவில் இருந்த எழுத்துக்களை மட்டும் யாரும் அழிக்கவில்லை: ஃபுஜிவாரா டோஃபு கடை, சொந்த உபயோகத்துக்கு.