திரைக்கு வெளியே ஒரு வகுப்பு

இலங்கையின் கற்பிட்டிக் கரையோரத்துப் பள்ளிவாசல்துறையில் இருந்து லண்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் பையில் மடிக்கணினி கட்டாயம் இருக்கும். அதைத் திறந்தால் நூலகமும் கூட வரும், ஊரும் கூட வரும்.

ஆனால், பாடத்துக்காக மட்டும் என்றால் போகவே வேண்டியதில்லை; அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் தரப்போவதாக 2001இலேயே அறிவித்துவிட்டது. லண்டன் வகுப்பறையில் திறக்கும் அந்தப் பாடம் பள்ளிவாசல்துறை வீட்டுத் திண்ணையிலும் திறக்கும். பிறகு கடல் கடந்து போவது எதற்கு?

திரையில் வராதவற்றுக்காகத்தான். பக்கத்து மேசையில் எழும் சந்தேகம், பதில் சொல்லுமுன் ஆசிரியர் யோசிக்கும் நொடி, தடுமாறிப் பேசினாலும் பொறுமையாகக் கேட்கும் நட்பு: இவை எந்தக் கோப்பிலும் சேமிக்கப்படுவதில்லை.

வகுப்பில் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்பவரிடம் குறிப்பு சேரும்; நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்பவரிடம் அறிவு சேரும். ஊரோடு பேச இரவு இருக்கிறது. உலகோடு பேசக் கிடைத்திருப்பது இந்தப் பகல்.

மடிக்கணினியைத் திறக்க எல்லா மாணவருக்கும் தெரியும். எப்போது மூடுவது என்று தெரிந்தவருக்கே பயணச்செலவு வீண்போவதில்லை.