வெளிச்சத்தின் செலவு யார் கணக்கில்?

மின்சாரம் வேண்டும், தொழில் வளரவேண்டும், காபன் புகையும் குறையவேண்டும். இம்மூன்றையும் ஒருசேர அடைய முடியுமா என்று உலகெங்கும் மாநாடு கூட்டுகிறார்கள். பெருமளவுக்கு முடியும் என்பதற்கு நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணமே சாட்சி. ஆனால் அதற்கான செலவை யார் சுமந்தார்கள் என்று அதிகம் பேசப்படுவதில்லை. அறம் பற்றிய கேள்வி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஒன்று. மின்சாரம் இல்லாமல் எளிமையாக வாழ்வது பற்றி எம்மவருக்கு எவரும் போதிக்கத் தேவையில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். புகை குறைந்த வாழ்க்கைதான். அதை அறம் என்று எவரும் கொண்டாடவில்லை. இல்லாமை வேறு, துறவு வேறு. ஊரில் ஒரு குடும்பம் முதன்முதலாகக் குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது, வீட்டு வாசலில் இரண்டு கார் நிறுத்தியிருக்கும் நாம் பூமி சூடாகிறது என்று தடுப்பது அழகல்ல.

இனி ஒன்ராறியோவுக்கு வருவோம். இங்கு முன்னரே வந்தவர்களுக்கு ரொறன்ரோவின் கோடைப் புகைமூட்டம் நினைவிருக்கும். முதியோரும் இழுப்பு நோய்ப் பிள்ளைகளும் வெளியே போகவேண்டாம் என்று வானொலியில் சொல்வார்கள். 2005இல் மாகாணத்தில் அத்தகைய எச்சரிக்கை 53 நாட்களுக்கு விடுக்கப்பட்டது. எல்லை தாண்டி அமெரிக்காவிலிருந்து வந்த புகையும் அதில் உண்டு. ஆயினும் எமது மின்சாரத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்போது நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. ஈரி ஏரிக்கரையில் நின்ற நான்ரிகோக் நிலையம் வட அமெரிக்காவின் மிகப்பெரிய நிலக்கரி நிலையங்களில் ஒன்று. மிசிசாகாவின் லேக்வியூ நிலையம் 2005இல் மூடப்பட்டது. நான்ரிகோக் 2013இல் நிலக்கரியை நிறுத்தியது. 2014இல் தண்டர் பேயும் நிறுத்த, மாகாணத்தில் மின்சாரத்துக்காக நிலக்கரி எரிப்பது முடிந்தது. அந்த ஆண்டில் ஓர் எச்சரிக்கை நாள்கூட இல்லை. தொழில்கள் படுத்துவிடவும் இல்லை. நிலக்கரியின் இடத்தைக் காற்றும் சூரியனும் மட்டும் நிரப்பியதாக நினைத்துவிடக்கூடாது. பெரும்பங்கு அணுமின்னுக்கும் எரிவாயுவுக்கும் உரியது. எரிவாயுவிலும் புகை உண்டு. அது அண்மைக்காலத்தில் மீண்டும் கூடியிருக்கிறது.

அடுத்து, ஹைட்ரோ பில். 2009இல் பசுமைச் சக்திச் சட்டம் வந்தது. கூரையில் சூரியத் தகடு போட்ட வீட்டுக்காரரிடம் ஒரு யூனிற் 80.2 சதத்துக்கு 20 வருடம் வாங்குவதாக மாகாணம் ஒப்பந்தம் செய்தது. அதே நேரம் நாம் வாங்கிய யூனிற்றின் விலை, விநியோகக் கட்டணம் நீங்கலாக, 10 சதத்துக்கும் குறைவு. இடையிலுள்ள வித்தியாசம் எல்லோருடைய பில்லிலும் ஏறியது. சொந்தக் கூரையும் கையில் முதலும் உள்ளவர் தகடு போட்டார். ஸ்காபரோவில் மாடிக் குடியிருப்பில், மின்சார ஹீற்றரில் குளிர்காலத்தைக் கழிக்கும் குடும்பத்துக்குக் கூரை ஏது? பில் மாத்திரம் வந்தது. தகடு போட்டவரை நான் குறைசொல்லவில்லை. சட்டம் தந்ததை எடுத்தார். சட்டத்தை எழுதியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

காற்று எல்லோருக்கும் பொது, ஆகவே செலவும் பொதுதானே என்று கேட்கலாம். சுவாசிப்பது எல்லோரும் ஒரே காற்றுத்தான், ஆனால் 20 டொலர் எல்லோருக்கும் ஒரே பாரமல்ல. கோயில் திருவிழாவையே பாருங்கள். வசதியுள்ளவர் தேர் உபயம் ஏற்கிறார், மற்றவர் ஒரு பால்குடத்துக்குக் கொடுக்கிறார். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

இதன் பலனையும் கண்டோம். பில்லின் மேலிருந்த கோபம் 2018இல் ஆட்சியை மாற்றிய காரணங்களில் ஒன்று. அவ்வாண்டே 758 புதுப்பிக்கத்தக்க சக்தி ஒப்பந்தங்கள் ரத்தாயின. 2019 முதல் சட்டமே நீக்கப்பட்டது. பாரத்தைச் சரியாகப் பகிராததால் நல்ல முயற்சியே வெறுப்புக்கு ஆளானது.

பாரம் எப்போதும் பில்லாகத்தான் வரும் என்றில்லை. சுன்னாகத்தில் எண்ணெயில் மின்சாரம் எடுத்தபோது அயலவரின் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அது அழுக்கான மின்சாரம். மன்னார்த் தீவில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலை, 103.5 மெகாவாற், சுத்தமான மின்சாரம். ஆனாலும் மேலும் காற்றாலைகள் வரவிருந்தபோது, 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வெள்ளம் வடியாது, மீன்பிடி கெடும், வலசைப் பறவைகள் பாதிக்கப்படும் என்பது அவர்கள் அச்சம். அவ்வளவும் சரியா என்பது விவாதத்துக்குரியது. எனினும் மின்சாரம் நாட்டுக்கு, கோபுரங்கள் மாத்திரம் எம் கரைக்கு என்ற அவர்களது முறைப்பாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது.

நான்ரிகோக்கின் பழைய நிலத்தில் இதற்கு வேறொரு வழியைப் பார்த்திருக்கிறார்கள். 2019 முதல் அங்கே 44 மெகாவாற் சூரியப் பண்ணை ஒன்று இயங்குகிறது. பழைய நிலையத்தின் ஏறக்குறைய 4,000 மெகாவாற்றோடு ஒப்பிட்டால் அது சிறியது. ஆனால் அயலிலுள்ள பூர்வகுடி மக்களான சிக்ஸ் நேஷன்ஸின் நிறுவனமும் கிரெடிட் மிசிசாகா மக்களும் அதில் மாகாண மின்நிறுவனத்தோடு பங்குதாரர்கள்.