சும்மா படுக்கிறதுக்கு எதுக்கு ஒரு பயிற்சி?



யோகா வகுப்புல கடைசியா வர்றது சவாசனம். பாதிப் பேர் அதுக்கு முன்னாடியே பாயைச் சுருட்டிக்கிட்டு கிளம்பிடுவாங்க. "சும்மா படுக்கிறதுக்கு எதுக்கு பயிற்சி? வீட்டுல தினமும் அதைத்தானே பண்றோம்"னு கேட்பாங்க. ஆனா நாம வீட்டுல சும்மாவா படுக்கிறோம்? உடம்பு கட்டில்ல கிடக்கும், கட்டைவிரல் ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருக்கும், மனசு நாளைய டெட்லைன்ல நிக்கும். இதுக்கு ஓய்வுன்னு பேர் வைக்க முடியுமா?

15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகை, சவாசனத்தையும் ஓர் ஆசனமாகவே சேர்த்திருக்கிறது. பிணம் போலத் தரையில் மல்லாந்து கிடப்பது களைப்பைப் போக்கும், மனதுக்கு ஓய்வு தரும் என்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பதஞ்சலி, முயற்சியைத் தளர்த்தும்போதுதான் ஆசனம் கைகூடும் என்று சொல்லிவிட்டார்.

இஞ்சினியரிங் படிச்ச எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது. எதையும் முயன்று அடையணும்னுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அதனாலதான் அமைதியையும் டார்கெட் ஆக்கிட்டோம். தியான ஆப்ல எத்தனை நாள் விடாம பண்ணினோம், வாட்ச்ல ஸ்ட்ரெஸ் எவ்வளவு காட்டுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கோம். "தூங்கியே ஆகணும்"னு பிடிவாதம் பிடிச்சா தூக்கம் வருமா? அமைதியும் அப்படித்தான். பாயை விரிச்சு, விளக்கை அணைச்சு வைக்கலாம். அது தானா வரணும்.

அப்போ முயற்சியே வேண்டாமா? வேணும். நின்னு, வளைஞ்சு, உடம்பு உழைச்ச பிறகுதான் சவாசனம் வருது. அருணகிரிநாதருக்கு முருகன் தந்த உபதேசம் ‘சும்மா இரு’ என்பது நமக்கெல்லாம் தெரியும். அதை வாங்கியவர் முடங்கிவிடவில்லை. தலம் தலமாகச் சென்று திருப்புகழ் பாடினார். இன்று கிடைப்பவையே 1,300-க்கு மேல். ‘நான்தான் எல்லாத்தையும் தாங்குறேன்’ங்கிற இறுக்கத்தை விடச் சொன்னதாகத்தான் அந்த உபதேசத்தை நான் புரிஞ்சுக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. ஆபீஸ்ல அநியாயமா வேலை வாங்கினா, யோகா பண்ணிச் சகிச்சுக்கிறதா? கூடாது. வலியை மறைக்கிற மாத்திரை மாதிரி யோகாவைப் பயன்படுத்தினா தப்பு. ராத்திரி 11 மணிக்கு வர்ற மெசேஜுக்குப் பயந்து ‘ஓகே’ன்னு போடுறதும், கோபத்துல கத்துறதும் ஒரே பதற்றம்தான். அடங்கின மனசுக்குத்தான் "காலைல பார்க்கிறேன்"னு நிதானமா சொல்லவும், தேவைப்பட்டா அந்த இடத்தை விட்டே கிளம்பவும் தெம்பு இருக்கும்.

இன்னிக்கு ராத்திரி ஒரு 10 நிமிஷம் ஒதுக்குங்க. போனை வேற ரூம்ல வைங்க. மல்லாந்து படுத்து, கால்களைக் கொஞ்சம் அகட்டி, உள்ளங்கை மேல பார்க்க வைங்க. மூச்சை உள்ளே இழுக்கிறதைவிட வெளியே விடுறதைக் கொஞ்சம் நீட்டுங்க. வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாவே மெதுவாகும். எண்ணம் வந்தா வரட்டும், விரட்ட வேண்டாம். ஒண்ணுமே நடக்கலைன்னாலும் பரவாயில்ல. அங்க மார்க் போட யாரும் உட்கார்ந்திருக்கல.

முருகா சரணம்!