வராத பட்டயம்

இந்த மாதம் ஒரு காரியத்தை உங்களிடம் அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. ஊழியக்காரன் அறிக்கை செய்வதா என்று சிலர் நினைப்பீர்கள். பரவாயில்லை, வாசியுங்கள்.

போன வருஷம் நம் சபை சகோதரி ஒருவரின் வீட்டு வாசலில் யாரோ குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். சகோதரிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, சொத்துத் தகராறு வேறு. அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நான், "வீட்டுக்குள் மறைவான பாவம் இருந்தால்தான் சூனியம் பலிக்கும்" என்று மேஜையைத் தட்டிப் பிரசங்கித்தேன். அவரை மனதில் வைத்துச் சொல்லவில்லை. அவரோ தமக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார். மறுநாள் ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மாரடைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஞ்சியோகிராம் செய்து பார்த்தால் இரத்தக்குழாயில் அடைப்பே இல்லை! எக்கோவில் பார்த்தால் இருதயத்தின் கீழ்நுனி பலூன் மாதிரி வீங்கி, சுருங்காமல் நிற்கிறது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பாஸ்டர், இந்த அம்மா எதுக்காவது ரொம்ப பயந்தாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர்தான் விளக்கினார். 1990-ல் ஜப்பான் டாக்டர்கள் இதற்கு 'டகோட்சுபோ' என்று பெயர் கொடுத்தார்களாம். அந்த நாட்டு மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானையின் பெயர் அது. கழுத்து குறுகி, வயிறு பெருத்திருக்கும். தாங்க முடியாத பயமோ துக்கமோ வரும்போது அட்ரினலின் போன்றவை இரத்தத்தில் வெள்ளமாய்ப் பாய்ந்து இருதயத் தசையை ஸ்தம்பிக்க வைத்துவிடுகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிலர் மரித்தும் போகிறார்கள்.

அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து 1 சாமுவேல் 25-ம் அதிகாரத்தைத் திறந்தேன். நாபாலைப்பற்றி எத்தனை தரம் பிரசங்கித்திருக்கிறேன்! தாவீது நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு வருகிறான். அபிகாயில் வழியிலேயே போய் விழுந்து பணிந்து, அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். நாபாலுக்கு ஒன்றும் தெரியாது, நல்ல வெறியில் இருக்கிறான். விடிந்து வெறி தெளிந்தபின்தான் மனைவி சொல்லுகிறாள். தேவபிள்ளைகளே, கவனியுங்க, அவள் சொல்லும்போது ஆபத்து கடந்து போய்விட்டது! ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் நாபாலின் நெஞ்சு அடங்கிப்போய், கல்லாய்க் கிடக்கிறான். ஏறக்குறைய பத்து நாள் கழித்துக் கர்த்தர் அவனை அடித்தார் என்கிறது வேதம். நியாயத்தீர்ப்பு கர்த்தருடையது, அதில் நான் கைவைக்க மாட்டேன். ஆனால் அந்தக் காலையில் அவனை வீழ்த்தியது வராத பட்டயம்.

டாக்டர் இன்னொரு சம்பவமும் சொன்னார். ஹார்வர்ட் பேராசிரியர் வால்டர் கேனன் 1942-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. பிற்பாடு நானே தேடி வாசித்தேன். ஆஸ்திரேலியாவில், வட குவீன்ஸ்லாந்தில், மோனா மோனா என்று ஒரு மிஷன். அங்கே ராப் என்ற விசுவாசி மிஷனரிக்கு வலதுகையாய் இருந்தான். ஒரு மந்திரவாதி அவனுக்கு நேராக எலும்பை நீட்டிவிட்டானாம். அந்த ஜனங்களுக்குள்ளே அது மரண சாபம். டாக்டர் சோதித்தால் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஒரு நோயும் இல்லை. ஆனால் பெலனெல்லாம் போய்ப் படுத்துவிட்டான். இத்தனைக்கும் மனந்திரும்பினவன்! மிஷனரியும் டாக்டரும் மந்திரவாதியைப் பிடித்து, 'இவனுக்கு ஏதாவது ஆனால் உனக்குச் சாப்பாடு கிடையாது, உன் கூட்டத்தையும் துரத்திவிடுவோம்' என்று மிரட்டிக் கட்டிலண்டை கூட்டிவந்தார்கள். அவன் குனிந்து, எல்லாம் விளையாட்டு, தான் எலும்பை நீட்டவே இல்லை என்றான். அன்று சாயங்காலமே ராப் எழுந்து வேலைக்குப் போய்விட்டான்.

டாக்டர் அதைச் சொல்லி முடித்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. அந்த மந்திரவாதியின் இடத்தில் நானல்லவா நிற்கிறேன்!

காலையில் சகோதரியின் கட்டிலண்டை போனேன். "அம்மா, வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு. வேதத்தில் அப்படி இல்லை. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். ரொம்ப நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பாஸ்டர், எலுமிச்சம்பழத்துக்கு நான் பயப்படலை. கர்த்தரும் என்னைக் கைவிட்டுட்டாரோன்னுதான் பயந்தேன்" என்றார்.

மாத்திரை சாப்பிட்டார்; சபையும் முழங்காலில் நின்றது. ஆறாம் வாரம் எக்கோவில் இருதயம் பழையபடி இருந்தது, ஸ்தோத்திரம்! இதில் எது எவ்வளவு என்று நான் அளக்கப்போவதில்லை. "மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்று என்னைக் கேட்டார். "டாக்டர் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க" என்றேன்.

சில மாதம் கழித்து அதே வாசலில் இன்னொரு எலுமிச்சம்பழம். போன் வந்ததும் ஓடிப்போய், நானே எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். என் கை நடுங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"உட்காருங்க பாஸ்டர், காபி போடறேன்" என்றார்.